மைத் தூரிகை ஓவியம் தொடங்குவோருக்கு: பிரஷ் வாங்குவது முதல் சட்டம் போடுவது வரை

சீன எழுத்தோவியத்திலும் தாவோ, ஜென் மரபுகளிலும் வேர்கொண்ட மை ஓவியத்தைப் பழக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். ஜென் துறவி ஒருவர் ஒரே வீச்சில் போட்ட வட்டத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பிரஷ்ஷும் ஒரு புட்டி மையும் வாங்கி, அன்றைக்கே வட்டம் போட ஆரம்பிக்கிறார்கள். மூன்று வாரத்தில் அலுத்துப்போகிறது.

இந்த ஓவியத்தில் அழிப்பது கிடையாது, மேலே பூசி மறைப்பதும் கிடையாது. தாள் மையை உடனே குடித்துவிடும். கோட்டின் தடிமன், வேகம், தயக்கம் எல்லாம் அதில் பதிந்துவிடும். அதனால் கோடு முதலில், மையின் அடர்த்தி அடுத்து, உருவம் அதற்குப் பிறகு, வெற்றிடமும் வட்டமும் கடைசியில். ஜப்பானிய ஜென் குரு ஹாகுயினின் (1686–1769) ஓவியங்களில் பெரும்பாலானவை அவருடைய முதுமைக் காலத்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

1. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

பிரஷ், மை, தாள், மை உரைக்கும் மைக்கல் நான்கும் அடிப்படை. கூடவே ஒரு கம்பளி விரிப்பு. கீழே உள்ள விலைகள் சீனக் கடைகளில் தொடக்கநிலைப் பொருள்களுக்கான தோராய விலைகள். ஒரு யுவான் ஏறத்தாழ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரஷ் ஒன்று போதும், ஆனால் சரியான அளவில் வேண்டும். மயிர் நீளம் 4 முதல் 5 செ.மீ., அடித் தடிமன் 1 செ.மீ. அளவில், ஆட்டு மயிரும் விறைப்பான மயிரும் கலந்த பிரஷ்ஷாகப் பாருங்கள். 30 முதல் 80 யுவான் ஆகும். சிறிய பிரஷ் கைக்கு அடங்கும் என்று நினைத்து வாங்குவதுதான் முதல் தவறு. சிறிய பிரஷ்ஷில் விரல் மட்டுமே வேலை செய்யும், தோளும் முழங்கையும் சும்மா இருந்துவிடும். முழு ஆட்டு மயிர் பிரஷ் மிக மென்மையானது, நிறைய மை பிடிக்கும், ஆனால் அழுத்தினால் தானாக நிமிராது. அதை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள்.

தாளில்தான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். மை ஓவியத்துக்கே உரிய ஷுவான் தாளின் தாயகம் சீனாவின் அன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டம். சிங்தான் என்ற மரத்தின் பட்டை நாரும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்கிறார்கள். பட்டை நார் கூடக் கூட விலையும் கூடும். பழகுவதற்கு அது தேவையில்லை. மூங்கில் கூழில் செய்த மஞ்சள் நிறப் பயிற்சித் தாள் 100 தாள் 20 முதல் 40 யுவானுக்குள் கிடைக்கும். முதல் மூன்று மாதத்துக்கு 500 தாளாவது கையில் இருக்கட்டும். தாள் குறைவாக இருந்தால் சிக்கனம் வரும், சிக்கனம் வந்தால் கை நடுங்கும். வேறு எதிலும் மிச்சம் பிடியுங்கள், தாளில் மட்டும் வேண்டாம்.

நல்ல ஷுவான் தாளுக்குப் போகும்போது இரண்டு வகை உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். பச்சைத் தாள், அதாவது பதப்படுத்தாத தாள், மையை உறிஞ்சிப் பரப்பும். படிகாரமும் பசையும் ஏற்றிய பதப்படுத்திய தாளில் மை பரவாது, நுணுக்க வேலைக்கு அதுதான். இந்த வழிக்கு வேண்டியது பச்சைத் தாள். முழுத் தாளின் பொது அளவு 69×138 செ.மீ. வேறு கூழில் செய்த தாளை ஷுவான் என்று விற்பது சாதாரணம். ஒரு சிறு சோதனை செய்யுங்கள்: நடுத்தர மையில் ஒரு கோடு, அது ஈரமாக இருக்கும்போதே குறுக்கே இன்னொரு கோடு. நல்ல தாளில் காய்ந்த பிறகும் எந்தக் கோடு முதலில் விழுந்தது என்று தெரியும். மட்டத் தாளில் இரண்டும் கலங்கி ஒரே கறையாகிவிடும்.

மைக்கல் மூடியோடு, 13 செ.மீ. அகலத்தில், 60 முதல் 150 யுவான். கல்தூளை அச்சில் வார்த்துக் கறுப்பு பூசியவையும் கடையில் இருக்கும். ஈர விரலால் தேய்த்தால் நிறம் ஒட்டினால் வாங்காதீர்கள். அதில் மைக்கட்டி (தண்ணீர் விட்டு உரைக்கும் திட மை) வழுக்கும், உரையாது. சீனாவில் ‘பழங்காலக் கல்’ என்று யாராவது நீட்டினால் விலகிவிடுங்கள். 1911-க்கு முந்தைய தொல்பொருள்களைப் பொதுவாக நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே அது போலியாக இருக்கும், இல்லையென்றால் உங்களை விமான நிலையத்தில் மாட்டிவிடும்.

மைக்கட்டிகளில் எண்ணெய்ப் புகைக்கரியில் செய்தவை வெதுவெதுப்பான கறுப்பும் மினுக்கும் தரும். பைன் புகைக்கரியில் செய்தவை நீலச் சாயலோடு மங்கலாக இருக்கும். எண்ணெய்ப் புகைக்கரியில் தொடங்குங்கள். 31 கிராம் அளவுக் கட்டி ஒன்று மாதக்கணக்கில் வரும். கோட்டுப் பயிற்சிக்குப் புட்டி மை போதும். பெய்ஜிங்கின் யிதகே புட்டிகள் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு.

2. வரவழைக்கும்போது ஆவணங்கள்

சீனாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கூரியரில் வரும் பெட்டிக்கு இந்தியாவில் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, விற்றவர் தந்த ரசீது மூன்றையும் முன்கூட்டியே ஒரே கோப்பில் வைத்திருங்கள். பெட்டி வந்த பிறகு தேடினால் கிடங்கு வாடகை ஏறும். சுங்கவரியும் ஐஜிஎஸ்டியும் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். எனவே கனமான மைக்கல்லை வரவழைப்பதில் லாபம் இல்லை, யாராவது பயணம் போகும்போது வாங்கிவரச் சொல்லுங்கள்.

பிரஷ் மயிர் விஷயத்தில் கவனம் தேவை. ‘ஓநாய் மயிர்’ என்று விற்கப்படுவது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் மயிர். அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் இந்தியாவே அதைச் சேர்த்திருக்கிறது. தோற்றச் சான்று இல்லாமல் வந்தால் பெட்டி தடுக்கப்படலாம். உள்ளூரில் அதற்குப் பதிலாகக் கீரி மயிர் பிரஷ்ஷைத் தருவார்கள். கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட விலங்கு, அந்த பிரஷ்ஷை வாங்குவதே குற்றம். ஆட்டு மயிர் அல்லது செயற்கை இழை கலந்ததை வாங்கி, ரசீதில் ‘ஆட்டு மயிர், மூங்கில் கைப்பிடி’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். திரவ மையை விமானத் தபாலில் ஏற்கப் பல நிறுவனங்கள் மறுக்கும், மைக்கட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. விமானத்தில் நீங்களே கொண்டுவந்தால் 100 மி.லி.க்கு மேற்பட்ட புட்டியைப் பதிவுப் பெட்டியில் போடுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தே வாங்கலாம்.

3. புது பிரஷ்ஷைத் திறப்பதும் கழுவுவதும்

புது பிரஷ் பசையில் ஊறி விறைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, விரல்களுக்கு இடையே மெல்லப் பிசைந்து முழுவதும் திறந்துவிடுங்கள். சுடுதண்ணீர் கூடாது. மயிரைக் கைப்பிடியில் பிடித்திருக்கும் பசை இளகி, கொத்தாகக் கழன்று வரும். பிரஷ்ஷோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியுங்கள். ஈர பிரஷ்ஷில் மூடியைப் போட்டால் முனை மடங்கும், அடிமயிர் அழுகும்.

கழுவும்போது வேரில் தங்கிய மையை வெளியேற்றுவதுதான் முக்கியம். ஓடும் நீரில் வேரிலிருந்து முனை நோக்கி அழுத்தி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். முனையைச் சேர்த்துக் கூராக்கி, மயிர் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் நீர் வேருக்கு இறங்கி மூங்கிலை வெடிக்கவைக்கும். சோப்பு வேண்டாம். ஒரு மாதத்தில் முனை பிளக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் வேரில் உறைந்த மைதான்.

4. மை உரைப்பது

அரைத் தேக்கரண்டி தண்ணீர் போதும். கட்டியை நிமிர்த்திப் பிடித்து, சந்தனம் இழைப்பது போல வட்டமாக உரைக்க வேண்டும். ஆனால் சந்தனத்துக்குக் கொடுக்கும் அழுத்தம் இங்கே கூடாது. கட்டியின் எடையே அழுத்தம். வேகமாக அழுத்தி உரைத்தால் துகள் பெரிதாகி, வெளிறிய மையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 10 முதல் 15 நிமிடத்தில் மை கெட்டியாகும். கட்டியை மையின் ஊடே இழுத்தால் அந்தத் தடம் ஒரு கணம் மூடாமல் நின்றால் சரியான பதம். இன்னும் வேண்டுமென்றால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து மறுபடி உரையுங்கள். தொடக்கத்திலேயே தண்ணீரை ஊற்றினால் அரை மணி உரைத்தாலும் சாம்பல் நிறம்தான்.

முடிந்ததும் கட்டியைத் துடைத்து நிழலில் வையுங்கள். கல்லின் மேலேயே விட்டால் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் கல் பெயரும். வெயிலில் காயவைத்தால் கட்டி வெடிக்கும். புட்டி மையை நல்ல கல்லில் ஊற்றாதீர்கள், பீங்கான் தட்டு போதும்.

ஜப்பானில் நாரா நகரத்து மைத் தயாரிப்பாளர்கள் குளிர்காலத்தில்தான் கட்டி செய்கிறார்கள், வெப்பத்தில் விலங்குப் பசை கெட்டுவிடும் என்பதால். நம் ஊர்க் கோடையில் உரைத்த மையை அன்றைக்கே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். மறுநாள் அதில் பசை பிரிந்திருக்கும். வரையும்போது தெரியாது. ஓவியத்தின் பின்னால் இன்னொரு தாளை ஒட்ட நனைக்கும்போது கோடெல்லாம் கரைந்து ஓடும்.

5. மேசை, பிடி, மின்விசிறி

விரிப்பை மேசை முழுக்கப் போடுங்கள், 3 மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது. அது இல்லாவிட்டால் தாள் மேசையோடு ஒட்டி மை அடியில் பரவும். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மறுபக்கம், மோதிர விரல் உள்ளிருந்து தாங்கும். மணிக்கட்டும் முழங்கையும் மேசையில் படக்கூடாது. முதல் இரண்டு வாரம் தோள் வலிக்கும், இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தாள் ஓரம் தூக்கும், தட்டிலுள்ள மை காய்ந்து தடிக்கும். மழைக்காலத்தில் பச்சைத் தாள் ஈரம் வாங்கி வழக்கத்தைவிட அதிகமாகப் பரப்பும், அப்போது பிரஷ்ஷில் மையைக் குறைக்க வேண்டும். தாளை மூடிய பெட்டியில் வையுங்கள், துணியில் முடிந்த வசம்பை உள்ளே போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது. ஓரிரு வருடம் இருப்பில் கிடந்த தாளில் மை அடங்கிப் பரவும் என்பதால், நல்ல தாளை வாங்கியவுடன் பயன்படுத்தாமல் சேமித்து வைப்பதே சிறந்தது.

6. முதல் மூன்று மாதம்: கோடு மட்டும்

ஒரு நாளுக்கு 40 நிமிடம், ஐந்தாறு தாள். வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் உட்காருவதில் பயனில்லை.

சீனத்தின் பழைய முத்திரை எழுத்து வகையில் கோடுகள் எல்லாம் ஒரே தடிமன், முனைகள் உருண்டிருக்கும். ஓவியராக விரும்புபவர் அதில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. பல ஆசிரியர்கள் இன்றைய அச்செழுத்தைப் போன்ற நிலை எழுத்தில் தொடங்கச் சொல்வார்கள், அது எழுத்தைப் படிக்க வருபவருக்குப் பொருந்தும். சீன ஓவியர் வூ சாங்ஷுவோ (1844–1927) வாழ்நாள் முழுக்கக் கல்முரசு எழுத்துகளை, அதாவது முரசு வடிவக் கற்களில் வெட்டிய பழைய முத்திரை எழுத்துகளை, படியெடுத்தவர். அவர் வரைந்த கொடிகளிலும் கிளைகளிலும் அந்தக் கோடே ஓடுகிறது.

செய்முறை இதுதான். இடமிருந்து வலம் கோடு என்றால், முனையை முதலில் இடப்பக்கமாகத் தள்ளி, திருப்பி, பிறகு வலப்பக்கம் நகருங்கள். இப்படிச் செய்தால் முனை கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். நகரும்போது முனை கோட்டின் நட்டநடுவில் ஓட வேண்டும். முடிவில் கொஞ்சம் பின்னால் வந்து தூக்குங்கள். 30 செ.மீ. கோட்டுக்குப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, பிறகு இடப் பாதி, வலப் பாதி என இரண்டு வீச்சில் வட்டம், கடைசியாகச் சுருள்.

தவறைக் கோடே சொல்லும். ஒரு விளிம்பு மழமழப்பாகவும் மறுவிளிம்பு சொரசொரப்பாகவும் இருந்தால் பிரஷ் சாய்ந்திருக்கிறது, முனை நடுவில் இல்லை. இரு விளிம்பும் ரம்பம் போல இருந்தால் கை எங்கேயோ ஊன்றியிருக்கிறது, அல்லது மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். இரு முனையும் தடித்து நடு மெலிந்தால் நகரும்போது கையைத் தூக்குகிறீர்கள். முனையில் மை குளம் கட்டினால் அங்கே நின்று யோசித்திருக்கிறீர்கள். கோட்டின் ஊடே வெள்ளைக் கீறல்கள் தெரிவது தவறல்ல. வேகத்தில், உலர்ந்த பிரஷ்ஷில் தானாக வந்தால் அது அழகு. அதை வரவழைக்க பிரஷ்ஷை வேண்டுமென்றே பிழிந்து உலர்த்தினால் பொய் உடனே தெரியும்.

7. படியெடுத்தல்: ஒரே ஒரு மாதிரி, ஆறு மாதம்

நான்காம் மாதத்திலிருந்து ஒரு பழைய சீனக் கல்வெட்டின் மசிப்படியை (கல்லின் மேல் தாளை வைத்து மை ஒற்றி எடுத்த படி) தேர்ந்தெடுத்துப் படியெடுங்கள். சீன மொழி பேசத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எழுதும் எழுத்தின் பொருளும் கோடுகளின் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் எழுத்தின் ஓட்டம் அறுந்துவிடும், தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே படும்.

திடமான கோடு வேண்டுமென்றால் யான் ஜென்சிங் எழுதிய யான் சின்லி கல்வெட்டு, கட்டுக்கோப்பு வேண்டுமென்றால் ஓயாங் ஷுன் 632-இல் எழுதிய ஜியுசெங் அரண்மனைக் கல்வெட்டு, அகன்ற நெளிவு வேண்டுமென்றால் 185-ஆம் ஆண்டின் சாவ் சுவான் கல்வெட்டு. முதலாவதும் மூன்றாவதும் ஷியான் நகரத்துக் கல்வெட்டுக் காடு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாதிரிப் புத்தகம் 20, 30 யுவானுக்குக் கிடைக்கும். காசில்லாமல் பார்க்க, தைபேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகமும் ஜப்பான் தேசிய அருங்காட்சியகங்களின் கோல்பேஸ் தளமும் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகின்றன. ஏ3 அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெல்லிய தாளை மேலே வைத்து வரைவது, பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவது, கடைசியில் மூடி வைத்து நினைவிலிருந்து எழுதுவது. மூன்றாவதைத் தவிர்ப்பவர்கள் கண்ணால்தான் கற்கிறார்கள், கை கற்பதில்லை. மாதத்துக்கு ஒரு மாதிரி என்று மாற்றுவது இந்தக் கட்டத்தின் பெரிய பொறி. ஒன்றின் குறை கைக்குத் தெரியும்போதுதான் அடுத்ததன் மீது ஆசை வரும், சரியாக அந்த நேரத்தில்தான் விடக்கூடாது.

வேகமான, கலைந்த எழுத்து வகையைத் தொட ஒரு வருடமாவது போகட்டும். அதற்குள் தமிழ் எழுத்தை இந்தக் கோட்டில் எழுதிப் பாருங்கள். முத்திரை எழுத்தின் சீரான உருண்ட கோடு ழ, ஞ, ணி போன்ற வளைவுகளுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

8. மையின் ஐந்து தரங்கள்

ஐந்து சிறு பீங்கான் தட்டுகள். முதல் தட்டில் உரைத்த கெட்டி மை. அடுத்தவற்றில் ஒரு பங்கு மைக்கு ஒன்று, மூன்று, எட்டு, இருபது பங்கு தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டு, காய்ந்த பிறகே மதிப்பிடுங்கள். பச்சைத் தாளில் ஈரத்தில் தெரியும் கறுப்பு காய்ந்ததும் ஒரு தரம் வெளிறும். இது தெரியாமல் முதல் ஓவியங்கள் எல்லாம் சாம்பல் பூத்துப் போவது சகஜம்.

பிறகு ஒரே பிரஷ்ஷில் மூன்று தரம் ஏற்றப் பழகுங்கள். முழு பிரஷ்ஷையும் வெளிறிய மையில் நனைத்து, தட்டின் விளிம்பில் வடித்து, பாதி வரை நடுத்தர மை, முனையில் மட்டும் கெட்டி மை. பக்கவாட்டில் ஒருமுறை அழுத்தினால் ஒரே தடத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இறங்கும்.

இதற்கு உகந்த பாடம் 13-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி முசி வரைந்த ஆறு சீமைப் பனிச்சைப் (பெர்சிமன்) பழங்கள். மூலம் கியோட்டோவின் தைதொகுஜி கோயில் வளாகத்தைச் சேர்ந்த ரியோகோயின் கோயிலுக்குச் சொந்தமானது. ஆறு பழத்துக்கும் வேறு வேறு அடர்த்தி, காம்புகள் மட்டும் எழுத்தின் கோடுகள், பின்னணி எதுவும் இல்லை. பழங்களுக்கு இடையேயான தூரத்தை அளந்து படியெடுங்கள். இடைவெளிகளில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை என்பது அப்போதுதான் புரியும்.

9. வெற்றிடமும் வட்டமும்

தாவோ மரபின் ‘செயலின்றிச் செய்தல்’ என்பதைத் திட்டமின்றி மையைத் தெளிப்பது என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். நடைமுறையில் அது எதிர்த்திசை. முடிவெடுப்பதெல்லாம் பிரஷ் தாளைத் தொடும் முன்பே முடிந்துவிட வேண்டும், தொட்ட பிறகு திருத்தம் கிடையாது.

வெள்ளையை முதலில் தீர்மானியுங்கள். தாளின் எந்தப் பகுதியைத் தொடப்போவதில்லை என்பதை நகத்தால் மெல்லக் கீறிக் குறித்துக்கொண்டு, மிச்ச இடத்தில் வரையுங்கள். கோடுகளை ஏழு என்று கட்டுப்படுத்துங்கள், பிறகு ஐந்து. ஒரு கோட்டை எடுத்துவிட்டாலும் படம் நிற்கிறது என்றால் அந்தக் கோடு தேவையில்லாதது.

ஜென் வட்டத்துக்கு இப்போது வரலாம். நின்றுகொண்டு, 5 செ.மீ.க்கு மேல் மயிர் நீளமுள்ள ஆட்டு மயிர் பிரஷ்ஷில், ஒரே வெளிமூச்சில் போடுங்கள். நாளுக்கு ஒன்றுதான். ஐம்பது போட்டு அழகானதைப் பொறுக்குவது வேறு பயிற்சி, இது அல்ல. தேதி எழுதி எல்லாவற்றையும் அடுக்கி வையுங்கள். ஜப்பானிய ஜென் துறவி செங்காயின் (1750–1837) வட்டம், முக்கோணம், சதுரம் மூன்றும் ஒரே தாளில் உள்ள ஓவியம் தோக்கியோவின் இதெமித்சு அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. மூன்று உருவமும் ஒன்றையொன்று தொடும் இடத்தையும் மையின் அடர்த்தி மாறுவதையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

10. கையொப்பமும் முத்திரையும்

முதல் வருடம் எதிலும் முத்திரை வேண்டாம். சிவப்பு முத்திரை பலவீனமான படத்தையும் முடிந்ததுபோலக் காட்டிவிடும், உங்கள் கண்ணையே ஏமாற்றும்.

பிறகு முத்திரை செதுக்கப் பயன்படும் சிங்தியன் கல் 2 செ.மீ. சதுரத்தில் ஒன்று வாங்கிச் செதுக்கச் சொல்லுங்கள். கல் 10, 20 யுவான், செதுக்குக்கூலி செதுக்குபவரைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். உங்கள் பெயரைச் சீன ஒலியில் மாற்றித் தருவதாகச் சொல்லும் கடைகள் பொருள் பாராமல் எழுத்துகளை அடுக்கித் தரும். தமிழிலேயே பெயரைச் செதுக்கலாம், கல்லுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். முத்திரைக் குழம்பைப் பீங்கான் டப்பியிலேயே வைத்து, எலும்புக் குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ அவ்வப்போது கிளறுங்கள். நல்ல குழம்பில் சாதிலிங்கம், அதாவது பாதரச சல்பைடு உண்டு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

11. பின்தாள், சட்டம்

காய்ந்த ஓவியம் சுருங்கிக் கிடக்கும். பின்னால் இன்னொரு தாளைக் கோதுமை மாவுப் பசையில் ஒட்டி, பலகையில் இறுக்கிக் காயவைத்தால்தான் நிமிரும். கையால் செய்தால் ஒன்றிரண்டு வாரம் ஆகும். இயந்திரத்தில் சூடேற்றிப் பசைப்படலத்தால் ஒட்டுவது ஒரு மணி நேர வேலை. மலிவு, ஆனால் பிறகு பிரிக்க முடியாது. விற்கவோ காட்சிக்கு வைக்கவோ நினைக்கும் படத்துக்கு அது வேண்டாம். வரைந்து ஒரு வாரமாவது கழித்தே பின்தாள் ஒட்டக் கொடுங்கள். ‘துவைத்தால் போகும்’ என்று எழுதியிருக்கும் பள்ளிக்கூடப் புட்டி மையில் வரைந்ததை எத்தனை நாள் கழித்துக் கொடுத்தாலும் கரையும்.

ஊரில் சட்டம் போடும் கடையில் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: வெள்ளைப் பசையால் அட்டையில் ஒட்டக்கூடாது, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வேண்டும், அமிலமற்ற அட்டையாக இருக்க வேண்டும். எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னது வேலை செய்யும் ஆளுக்குப் போய்ச் சேராது.

12. நேரில் போய்ப் படிக்க

குறைந்தது ஒரு வருடப் பயிற்சித் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான். ஹாங்சோவில் 1928-இல் தொடங்கப்பட்ட சீனக் கலைக் கழகம் எழுத்தோவியத்துக்குப் பேர்போனது. 180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு எக்ஸ்2 விசா, அதற்குச் சேர்க்கைக் கடிதம் வேண்டும். அதற்கு மேல் என்றால் எக்ஸ்1. அதற்குச் சேர்க்கைக் கடிதத்தோடு பள்ளி அனுப்பும் ஜேடபிள்யூ201 அல்லது 202 படிவமும் தேவை, சீனாவில் இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனைச் சான்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியவர்கள்.

ஜப்பானில் ஒரு குருவிடம் தனியாகக் கற்பவருக்குக் ‘கலாசாரச் செயல்பாடு’ என்ற வகை விசா உண்டு. முதலில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குக் குருவின் தகுதி விவரம், பயிற்சித் திட்டம், உங்கள் வங்கிக் கையிருப்பு மூன்றையும் கேட்பார்கள். இந்த விசாவில் சம்பாதிக்க முடியாது, தங்கும் காலம் முழுவதற்கும் பணம் முன்கூட்டியே இருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும்வரை விமானச் சீட்டைப் பதிவு செய்யாதீர்கள்.